காட்டுக்குள்ளேயே முடியும் மலைப்பாதைகள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் மலையேற்றம் என்றவுடன் பெரும்பாலோர் செமினிக்கு அருகிலுள்ள புரோகா குன்றைத்தான் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், லாலாங் புல் மூடிய முதுகு, இருட்டில் ஏறிச் சூரியோதயத்தைப் பார்த்துவிட்டுப் பசியாறும் நேரத்துக்குள் அடிவாரத்துக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அதே நகரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய இடங்களில், அடிவாரம் முதல் உச்சி வரை காடு மூடியிருப்பதாலேயே பெயர் பரவாமல் இருக்கும் மலைகள் தித்திவங்சா மலைத்தொடரின் மேற்குச் சரிவு நெடுகிலும் நிற்கின்றன. சிலாங்கூர் மாநிலத்தின் உயரமான மலைகளில் ஒன்றான குனோங் நுவாங்கும், கோல குபு பாருவுக்குக் கிழக்கே இருக்கும் புக்கிட் குத்துவும் அவற்றில் நான் மீண்டும் மீண்டும் சென்றுவரும் இரண்டு மலைகள். இந்தப் பதிவு அவற்றின் பாதைகளைப் பற்றியது.

இத்தகைய மலைகளுக்கு முதன்முறையாக வருபவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். பல மணி நேரம் ஏறி உச்சியை அடைந்தால், அங்கே ஒரு சிறு வெட்டவெளி, ஒரு பெயர்ப்பலகை, மலையேறிகள் ‘பெய்ரூட்’ என்று அழைக்கும் நில அளவைக் குறி, சுற்றிலும் மரங்கள், மரங்களுக்கு அப்பால் மேகம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. என் பதில், இந்த மலைகளில் பார்க்கவேண்டியது உச்சியில் இல்லை, வழியில் இருக்கிறது என்பதே. ஐந்நூறு மீட்டர் ஏறுவதற்குள் ஒரு காடு முடிந்து வேறொரு காடு தொடங்கிவிடும் அதிசயம் நம் நாட்டு மலைகளில் ஒரே பகலில், நம் கால்களின் வேகத்தில் நடக்கிறது. அதைக் காணவேண்டுமானால் எந்த உச்சிக்குப் போகிறோம் என்பதைவிட எந்தப் பாதையில் போகிறோம் என்பதுதான் முக்கியம். தாழ்வான இடத்தில் தொடங்கி, அவசரமில்லாமல் நீண்டு ஏறும் பாதையே காடு மூடிய மலைக்கு ஏற்ற பாதை என்பது என் உறுதியான கருத்து.

குனோங் நுவாங்கின் உயரம் 1,493 மீட்டர். அதற்குச் செல்லும் பாதைகளில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று உலு லங்காட் பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள பாங்சுன் கிராமத்தருகே தொடங்குவது. மற்றொன்று பகாங் பக்கத்தில் ஜண்டா பாய்க்கிலிருந்து ஏறுவது. ஜண்டா பாய்க் பாதை உயர்ந்த இடத்தில் தொடங்குவதால் குறுகியது. அதே காரணத்தால் செங்குத்தானது. நேரம் குறைவாக இருப்பவர்களும் உடல் வலிமையைச் சோதிக்க விரும்புபவர்களும் அதைத் தேர்கிறார்கள். பாங்சுன் பாதை நீண்டது. போய்த் திரும்ப ஒரு முழுப்பகல் வேண்டும். ஏறவேண்டிய மொத்த உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அப்படியிருந்தும் யார் கேட்டாலும் பாங்சுன் வழியாகவே போகச் சொல்கிறேன். ஜண்டா பாய்க் வழியாக ஏறுபவர் மலையின் கீழ்ப்பகுதிக் காட்டைப் பார்க்காமலேயே மேலே போய்விடுகிறார்.

பாங்சுன் பாதையின் முதல் பகுதி மண்சாலை. முன்னாளில் மரம் ஏற்றும் லாரிகள் ஓடிய ‘ஜாலான் பாலாக்’ வகையைச் சேர்ந்த இந்த அகன்ற வழி சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து மேலேறுகிறது. முடிவே தெரியாத சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை மலையேறிகள் இதற்கு வைத்திருக்கிறார்கள். சலிப்பான பகுதி என்று எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் இங்கே மெதுவாக நடக்கச் சொல்வேன். வெட்டப்பட்ட காடு தன்னை எப்படி மீட்டுக்கொள்கிறது என்பதை இந்த ஐந்து கிலோமீட்டரும் காட்டுகின்றன. வெளிச்சம் விழும் ஓரங்களில் மூங்கில் புதர்களும், காட்டு வாழையும், பெரிய இலைகளை விரித்து நிற்கும் மாஹாங் மரங்களும் அடர்ந்திருக்கும். மாஹாங் இனங்கள் சிலவற்றின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். அதில் எறும்புகள் குடியிருந்து, மரம் தரும் உணவை உண்டு, இலை தின்னும் பூச்சிகளையும் சுற்றிப் படரும் கொடிகளையும் விரட்டுகின்றன. இந்த மரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டால் அங்கே காடு ஒருமுறை திறக்கப்பட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மூடிய பழங்காட்டின் நிழலில் அவை வளராது.

மண்சாலை முடியும் இடத்தில் ஓடையின் ஓசை கேட்கத் தொடங்கும். லோலோ முகாம் ஆற்றங்கரையில் இருக்கிறது. சிலாங்கூரின் தென்பகுதிக்கு நீர் தரும் லங்காட் ஆறு இந்த மலையின் சரிவுகளில்தான் பிறக்கிறது. வீட்டுக் குழாயில் வரும் நீர் இங்கிருந்து புறப்படுகிறது என்ற நினைப்போடு அந்தக் கரையில் அமர்வது எனக்குப் பிடித்தமானது. தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொள்ள இதைவிட நல்ல இடம் மேலே கிடையாது. ஓடும் நீர் தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்கக்கூடாது. எலிச்சிறுநீர்க் காய்ச்சல் நம் நாட்டின் ஆறுகளிலும் நீர்வீழ்ச்சிகளிலும் உண்மையாகவே இருக்கும் ஆபத்து. காலில் காயம் இருந்தால் ஓடையில் இறங்குவதற்கு முன் அதை மூடிக்கட்டிக்கொள்வதும் நல்லது.

லோலோவைத் தாண்டியதும் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. வேர்களே படிகளாக அமைந்த இந்தப் பகுதி பச்சாட் முகாம் வரை ஏறிக்கொண்டே போகும். இங்கே நிற்பவை மெராந்தி, செராயா போன்ற பெருமரங்கள். செராயா மலைமுகடுகளை விரும்பும் மரம். அதன் தழைப்பகுதி சாம்பல் கலந்த பச்சையாக இருப்பதால், எதிர் மலையிலிருந்து பார்த்தாலே முகடு எங்கே ஓடுகிறது என்று கோடு போட்டதுபோல் தெரியும். மலாயாக் காடுகளை ஆராய்ந்தவர்கள் இந்த மரத்தின் இருப்பை வைத்தே சமவெளிக்காடு முடிந்து மலைக்காடு தொடங்கும் எல்லையைக் குறித்தார்கள். செராயாவின் அடியில் பெர்த்தாம் என்னும் தண்டில்லாத பனை இனம் முள்ளோடு புதராக நிற்கும். வழுக்கும்போது கையை எட்டிப் பிடிப்பது மனித இயல்பு. ஆனால் பெர்த்தாமும் பிரம்பும் மண்டிய இடத்தில் அந்த இயல்பை அடக்கிக்கொள்ள வேண்டும். தோட்ட வேலைக்குப் போடும் கையுறை ஒரு சோடி பையில் இருந்தால் போதும்.

பச்சாட் என்பது அட்டையின் மலாய்ப் பெயர். அந்த முகாமுக்கு அப்பெயர் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. இலைச்சருகில் ஊரும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இலை நுனியில் காத்திருக்கும் வரி அட்டை கடித்தவுடன் சுருக்கென்று தெரியும். இரண்டும் நோயைப் பரப்புவதாக அஞ்சவேண்டியதில்லை; இரத்தம் உறையாமல் சிறிது நேரம் கசியும், அவ்வளவே. நெருப்பு வைத்தும் உப்பைக் கொட்டியும் அவற்றை வதைப்பதைவிட, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையை அணிந்து, நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்துவிடுவது போதுமானது.

ஆயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு வரும் மாற்றத்துக்காகவே நான் இந்தப் பாதைக்குத் திரும்பத் திரும்பச் செல்கிறேன். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் குறைகிறது. மேகம் தங்கும் நேரம் கூடுகிறது. மண் மெலிந்து புளிப்பேறுகிறது. பெருமரங்கள் பின்தங்கிவிட, ஓக் இனங்களும் இலவங்கப்பட்டை மரத்தின் உறவுகளும் முன்வருகின்றன. தரையில் ஓக் கொட்டைகள் உருண்டு கிடக்கும். மரங்களின் உயரம் படிப்படியாகக் குறைந்து, அடிமரம் முறுகி, கிளைகள் எங்கும் பாசி தொங்கத் தொடங்கும். அதற்கும் மேலே குடுவைத் தாவரங்கள் வரும். சத்தில்லாத மண்ணில் வாழ்வதால் பூச்சிகளை விழவைத்துத் தமக்கு வேண்டிய சத்தைப் பெறும் செடிகள் அவை. கேமரன் மலையில் 2,110 மீட்டர் உயரமுள்ள குனோங் ஈராவில் பாசிக்காட்டைப் பார்த்தவர்கள், அதன் சிறிய வடிவத்தை நுவாங்கில் இவ்வளவு தாழ்வான உயரத்திலேயே காண வியப்படைவார்கள். காரணம், பெரிய மலைத்திரளின் நடுவே இருக்கும் உச்சியில் வெப்பம் தேங்குவதால் மேகக்காடு மிக உயரத்தில்தான் தொடங்குகிறது. தொடரின் ஓரத்தில் நிற்கும் மலையிலும், தனித்து நிற்கும் மலையிலும் மேகம் தாழ்வாகவே வந்து படிகிறது. கெடாவில் கடற்கரையை ஒட்டித் தனித்து எழும் 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராயின் மேற்பகுதியிலும் இதையே காணலாம்.

இறுதிக்கட்டத்தில் நுவாங் தரும் கடினம் மனத்தைச் சார்ந்தது. பாதை முதலில் பெங்காசே என்னும் முன்னுச்சியை அடைகிறது. களைத்து வருபவர் அதையே உச்சி என்று எண்ணி நிம்மதி அடைவார். பிறகுதான், அங்கிருந்து ஒரு தாழ்வில் இறங்கி மறுபடி ஏறினால்தான் உண்மையான உச்சி என்பது தெரியவரும். திரும்பும்போதும் பெங்காசேயை மீண்டும் ஏறவேண்டும் என்பதை மனத்தில் வைத்து வலிமையைச் சேமித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடமாகச் சொல்லப்படும் அந்த உச்சியில், விடிகாலையில் மேகம் விலகியிருந்தால் தொலைவில் நகரம் தெரியும். நண்பகலில் போய்ச் சேர்பவருக்கு வெண்மை மட்டுமே கிடைக்கும். அந்த வெண்மைக்குள் முறுகி நிற்கும் பாசி மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு நேரம் போதியதே இல்லை.

புக்கிட் குத்து வேறு வகையான மலை. உயரம் 1,053 மீட்டர்தான். ஆனால் அதன் பாதையில் மனிதர்களின் வரலாறும் காட்டின் வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. 1892 முதல் 1896 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் ஹூட் டிரீச்சரின் பெயரால் ஒருகாலத்தில் இதை டிரீச்சர் மலை என்று அழைத்தார்கள். வெப்பத்தால் சோர்ந்த அதிகாரிகள் தங்கி உடல்நலம் தேறுவதற்காக 1890களில் உச்சியருகே பங்களாக்கள் கட்டப்பட்டன. வண்டிச்சாலை இல்லாத மலை அது. மேலே தேவைப்பட்ட ஒவ்வொன்றும் மனித முதுகிலோ விலங்கின் முதுகிலோதான் ஏறியிருக்க வேண்டும். பின்னர் 1920களின் தொடக்கத்தில், இதே வட்டாரத்தில் சாலை வசதியோடு புக்கிட் பிரேசர் மலைவாசத்தலமாக உருவானது. அதன் பிறகு இந்தச் சிறு மலையைத் தேடி வரக் காரணம் குறைந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். இன்று அங்கே எஞ்சியிருப்பது கணப்படுப்போடு கூடிய உயரமான ஒரு புகைபோக்கியும், கிணறும், சில படிக்கட்டுகளும் மட்டுமே. சுவர்கள் போன இடத்தில் மரங்கள் நிற்கின்றன.

பாதை கோல குபு பாருவிலிருந்து புக்கிட் பிரேசர் செல்லும் சாலையருகே உள்ள பெர்த்தாக் கிராமத்தில் தொடங்குகிறது. இது ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளில் தெமுவான் இனத்து மக்களின் ஊர். சுங்கை சிலாங்கூர் அணைக்காக அவர்களுடைய பழைய குடியிருப்புகள் இடம் மாற்றப்பட்டதன் விளைவாக அமைந்ததே இன்றைய ஊர் என்பதை மலையேற வருபவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாகனங்களைக் கண்ட இடத்தில் நிறுத்துவதும், அவர்களுடைய வீட்டு முற்றத்தின் வழியே இரைச்சலோடு நடப்பதும், ஆற்றில் சோப்புப் போட்டுக் குளிப்பதும் அந்த ஊரார் பொறுத்துக்கொண்டிருக்கும் குறைகள். வழிகாட்டி தேவையென்றால் அவ்வூர்க்காரரையே அழைத்துச் செல்வது எல்லா வகையிலும் சிறந்தது. என்னோடு வந்த தெமுவான் பெரியவர் ஒருவர், பாதையோர மரத்தில் இருந்த நகக்கீறலைக் காட்டி, அது தேனுக்காக ஏறிய கரடியுடையது என்றும், கீறலின் ஓரம் கறுத்திருப்பதால் பழையது என்றும் விளக்கினார். அதே மரத்தைப் பலமுறை கடந்தும் நான் அதைக் கண்டிருக்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் ஓடைகளைக் கடக்கவேண்டும். அதன்பின் மூங்கில் காடும், பிறகு பெரும்பாறைகளுக்கு இடையே செங்குத்தாக ஏறும் முகடும் வரும். உச்சியில் வீடளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஏணியும் கயிறும் கட்டியிருக்கிறார்கள். யார் எப்போது கட்டியது என்று தெரியாத கயிற்றை முழு எடையையும் சுமத்தி நம்பக்கூடாது, இழுத்துப் பார்த்துவிட்டே ஏறவேண்டும். மேலேறி நின்றால் அணையின் நீர்ப்பரப்பு தெரியும். காடு மூடிய மலைகளுக்குள் இப்படி ஒரு திறப்பைத் தருவதால், காட்சியையும் விரும்பும் நண்பர்களை நான் முதலில் அழைத்துச் செல்வது இங்கேதான்.

காலையில் இந்த மலையில் ஒலிக்கும் சியாமாங் குரங்குகளின் குரலைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போகமுடியாது. தொண்டைப் பையை ஊதிக்கொண்டு ஆணும் பெண்ணும் மாறி மாறி எழுப்பும் அந்த ஒலி பள்ளத்தாக்கைக் கடந்து கேட்கும். அவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. குரலைக் கேட்காமல் திரும்புபவர்களும் குறைவு. புலியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2016க்கும் 2020க்கும் இடையே நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்பம் முழுவதிலுமே 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருக்கின்றன. எனவே இந்தக் காடுகளில் நம்மை அச்சுறுத்துவது புலியன்று; மழையும், வழி தவறுவதுமே.

மழையைப் பொறுத்தவரை, இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இந்த மேற்குச் சரிவில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய வழக்கமாகவே வரும். நாம் நிற்கும் இடத்தில் வெயிலாக இருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் திடீர் வெள்ளமாக இறங்கிவிடும்; மலாய் மக்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று அஞ்சும் வெள்ளம் இதுதான். நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், ஓசை மாறுவதும் அதன் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டால் புகைப்படம் எடுக்காமல் உடனே கரையேற வேண்டும். கடக்கவேண்டிய ஓடை பெருகியிருந்தால், இருட்டினாலும் பரவாயில்லை, இக்கரையிலேயே காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அது வடிந்துவிடும். நிலச்சரிவையும் மறக்கக்கூடாது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் முகாம்தளத்தின் மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் உயிரிழந்த துயரம் நடந்தது இதே உலு சிலாங்கூர் வட்டாரத்தில்தான்.

வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதே நடக்கிறது. இதற்கு மலையின் அமைப்பே காரணம். ஏறும்போது கிளைமுகடுகள் எல்லாம் ஒரே முகட்டில் வந்து சேர்வதால், மேல்நோக்கி நடப்பவர் எப்படியும் உச்சிக்கே போவார். இறங்கும்போது அதே முகடுகள் பிரிந்துகொண்டே போவதால், ஒவ்வொரு பிரிவிலும் தவறான முகட்டில் கால்வைக்க வாய்ப்பு இருக்கிறது. எனவே ஏறும்போதே ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, திரும்பிப் பார்த்து, இறங்கும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மரத்தில் கட்டிய நாடாக்களை மட்டும் நம்பவேண்டாம். வேறு பாதைக்காகக் கட்டியவையாகவும் இருக்கலாம். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, மின்சேமிப்புக் கலம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வழி தவறியது தெரிந்தால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் வரை வந்த தடத்திலேயே திரும்பவேண்டும். அதுவும் முடியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஆற்றைப் பின்தொடர்ந்தால் ஊர் வரும் என்ற பழைய அறிவுரை இந்தச் செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் நீர்வீழ்ச்சியின் விளிம்பில்தான் கொண்டுபோய் விடும்.

நுழைவு அனுமதி குறித்து: நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். வனத்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பல மலைகளுக்குச் சான்றிதழ் பெற்ற மலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டி ஒருவரும் உடன் வரவேண்டும். மோசமான வானிலையின்போது பாதைகள் மூடப்படுவதும் உண்டு. புறப்படும் வாரத்தில் மறுபடி ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை காட்டுமலை ஏறாதவர்கள் நுவாங்கிலிருந்து தொடங்கவேண்டாம். நெகிரி செம்பிலானில் 825 மீட்டர் உயரமுள்ள குனோங் அங்சி முதல் மலையாக மிகவும் ஏற்றது. அதற்கும் இரு பாதைகள் உண்டு. புக்கிட் பூத்துசிலிருந்து ஏறுவது குறுகியது, உலு பெண்டுலிலிருந்து ஏறுவது ஓடையை ஒட்டித் தொடங்கி நீண்டு செல்வது. என் பரிந்துரை எதுவென்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்சியில் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிந்தவர்கள் அடுத்துப் புக்கிட் குத்துவுக்குப் போகலாம். அதற்கும் பிறகே நுவாங்.

நுவாங்குக்குப் போகும் நாளில் விடிவதற்கு முன்பே பாங்சுனில் நடக்கத் தொடங்கிவிடுங்கள். தலைவிளக்கை, பகலிலேயே திரும்பிவிடுவோம் என்று எண்ணினாலும், ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். முற்பகல் பதினொரு மணிக்குள் பச்சாட் முகாமை அடையாவிட்டால், குழுவில் எவ்வளவு உற்சாகம் மிச்சமிருந்தாலும், அங்கிருந்தே திரும்பிவிடுவது என்று புறப்படும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சாட்டிலிருந்து திரும்பினாலும் மாஹாங்கும் மூங்கிலும் செராயாவும் பெர்த்தாமும் பார்த்தாயிற்று. ஓக் காட்டுக்கு இன்னொரு நாள் போகலாம்.